இரண்டு விரல் துணி

"மூச்சை விடு. இழுத்துப் புடிச்சுகிட்டு நின்னா அளவு தப்பா வரும்."

மாதையன் மூச்சை விட்டான். அப்துல் ஷுக்கூர் நாடாவை அவன் மார்பைச் சுற்றிக் கொண்டுவந்து முனையைச் சேர்த்துப் பிடித்தார். முப்பத்திரண்டு. காதிலிருந்து பென்சிலை எடுத்து சிகரெட் அட்டை ஒன்றில் எழுதினார்.

"கையைத் தூக்கு. ரெண்டும்."

தோளிலிருந்து மணிக்கட்டு வரை அளந்தார். நம்பாமல் மறுபடியும் அளந்தார். ஆள் உயரத்துக்குக் கை ரொம்ப நீளம்.

"எனக்கு எதுக்குங்க பாய் இதெல்லாம்? நான் ஆட்டத்துல கோட்டுக்கு வெளிய நிக்கறவன்."

"வெளிய நிக்கறவனுக்கும் சட்டை வேணும்டா."

"எனக்கு யாரும் அளவெடுத்ததே இல்லீங்க. சந்தையில தொங்கறதுதான். கூச்சமா இருக்குது."

பின்னால் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். காலை ஏழு மணி இருக்கும். பயிற்சி முடிந்து எல்லோருக்கும் வியர்த்திருந்தது. ஒருவன் சொன்னான்: "பாய், அப்படியே கோல் போஸ்டுக்கும் ஒரு சட்டை தெச்சிடுங்க. கோவிந்தனை விட அதுதான் நெறைய பந்தைப் புடிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். ஷுக்கூர் சிரிக்கவில்லை. "அடுத்த ஆளு" என்றார்.

அது 1971 ஏப்ரல். சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி தனி மாவட்டமாகி ஐந்தரை வருஷம் ஆகியிருந்தது. மாவட்டம் வந்த அடுத்த வருஷமே நியூ டிஸ்ட்ரிக்ட் லெவன் என்ற கால்பந்துக் குழுவும் வந்தது. புளி மண்டி காளியப்பன் தலைவர், அப்துல் ஷுக்கூர் செயலாளர். ஆரம்பத்திலிருந்து அவர்கள்தான். போன வருஷம் பதினான்கு ஆட்டம் ஆடியதில் இரண்டில் ஜெயித்தார்கள், ஒன்று சமன்.

ஷுக்கூருக்கு நாற்பத்து மூன்று வயது. இளம் வயதில் இடது ஓரத்தில் ஆடியவர். ஒரு நாள் முழங்கால் மடங்கியது, பிறகு அது சரியாக நிமிரவில்லை. தையல் மெஷினை மிதிக்க அந்தக் கால் போதும். எட்டாவது வரை படித்திருந்தார். இங்கிலீஷில் கடிதம் எழுத வரும். செயலாளர் ஆனதற்கு அதுதான் காரணம். மற்ற ஊர்க் குழுக்களுக்கு எல்லாக் கடிதங்களும் அவர் கையெழுத்தில் போயின. தோற்ற பிறகு எழுதும் நன்றிக் கடிதம் அவருக்கு மனப்பாடம்.

அவருடைய கடை மண்டிக் கட்டிடத்தின் முகப்பில், மாடிப்படிக்குக் கீழே இருந்தது. மெஷின் அவருடையது, இடம் காளியப்பனுடையது. வாடகை கேட்டதில்லை. இரண்டு முறை ஷுக்கூர் கொண்டுபோய்க் கொடுத்தார். காளியப்பன் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அவரிடம் எதிர்த்துப் பேச ஒரு வழி இருந்திருக்கும் என்று ஷுக்கூர் நினைப்பதுண்டு.

குழுவில் யார் ஆடுவது என்பது ஆட்டத்தன்று காலையில்தான் தெரியும். மண்டியிலிருந்து தகரப் பெட்டி வரும். அதற்குள் ஜெர்சிகள், அவற்றின் மேல் ஒரு சீட்டு. சீட்டில் காளியப்பன் கைப்பட எழுதிய பதினொரு பெயர்கள். கோயில் திருவிழாவில் ஆளுக்கொரு நாள் மண்டகப்படி இருப்பதைப் போல இங்கே ஆளுக்கு இத்தனை இடம் என்று இருந்தது. பச்சியப்பன் வெளியூர் ஆட்டங்களுக்குத் தன் பஸ்ஸை சும்மா விடுகிறார். அவருக்கு இரண்டு இடம். கவுஸ் பாஷா தன் இரும்புக் கடையிலிருந்து கோல் போஸ்டும் வலையும் கொடுத்தார், இரண்டு இடம். மற்ற எல்லாவற்றையும் கொடுப்பவர் காளியப்பன், நான்கு இடம். அதில் ஒன்று எப்போதும் கோல் கீப்பர் இடம். அங்கே அவர் மனைவியின் தம்பி கோவிந்தன் நிற்பான். மிச்சம் இருக்கும் மூன்று இடங்களில்தான் ஆடத் தெரிந்தவர்கள் ஆடினார்கள். இதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. கொடுக்கிறவருக்கு மரியாதை செய்ய வேண்டாமா?

ஜனவரியில் ஷுக்கூர் ஒரு முழுத்தாளில் மூன்று தீர்மானங்கள் எழுதிக்கொண்டு மண்டியில் நடந்த கமிட்டிக் கூட்டத்துக்குப் போனார். ஒன்று, பதினொரு பேரை செயலாளரும் காப்டனும் சேர்ந்து, ஆட்டத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. இரண்டு, பயிற்சிக்கு வராதவருக்கு இடமில்லை. மூன்று, திங்களும் வியாழனும் காலை ஆறு மணிக்குப் பயிற்சி.

மூட்டைகளின் மேல் உட்கார்ந்து கேட்டார்கள். பச்சியப்பன்தான் முதலில் பேசினார்.

"அப்ப என் பஸ்ஸுல யாரு போறது பாய்?"

"டீமுதாங்க."

"என் ஆளு ரெண்டு பேரு அதுல இல்லீன்னா, பஸ்ஸு வழியில நின்னுடும். எனக்கே தெரியாம நின்னுடும். இஞ்சின் அப்படி."

"அப்ப நான் குடுத்த போஸ்டுல நீங்க துணி காயப் போட்டுக்கலாம்" என்றார் கவுஸ் பாஷா.

சிரிப்பு அடங்கும்வரை காளியப்பன் காத்திருந்தார். பிறகு தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

"மூணாவது நல்லாருக்குது பாய். காலைல ஆறு மணி. ஒடம்புக்கு நல்லது. ஏகமனதா பாஸுன்னு எழுதிக்குங்க."

அப்படியே எழுதினார். அதற்கடுத்த வாரத்திலிருந்து திங்களும் வியாழனும் காலை ஆறு மணிக்குப் பயிற்சி நடந்தது. கொடுத்தவர்கள் கணக்கில் சீட்டில் இருக்கும் எட்டுப் பேரில் ஒருவரும் வரவில்லை. வந்தவர்கள் மிச்ச மூன்று இடத்துக்காரர்களும் சீட்டில் இல்லாதவர்களும்தான். இப்படி நியூ டிஸ்ட்ரிக்ட் லெவனுக்குள் இரண்டு குழுக்கள் ஆகிவிட்டன. பயிற்சி செய்வது ஒன்று, ஆடுவது ஒன்று.

மாதையன் அந்தப் பயிற்சிக்கு வந்தவன். இண்டூர்ப் பக்கம். புது மாவட்டத்துக்காகப் புதுக் கட்டிடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். அவன் சாரத்தின் மேல் நின்று கீழேயிருந்து எறியும் செங்கல்லைப் பிடித்து அடுக்குபவன். காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை பிடிப்பான். ஒன்றைத் தவறவிட்டால் கீழே நிற்பவன் தலை போய்விடும். முதல் நாள் ஷுக்கூர் அவனைக் கோலில் நிறுத்தி மற்றவர்களை இருபது பந்து அடிக்கச் சொன்னார். பதினேழு பிடித்தான். மிச்சம் மூன்றைப் பற்றி வருத்தப்பட்டான்.

"கல்லு நேரா வரும்ங்க பாய். இது வளையுது."

ஒரு மாதத்தில் வளைவதையும் பிடித்தான். சீட்டில் மட்டும் வரவில்லை. பிப்ரவரியில் கிருஷ்ணகிரியில் ஐந்து கோல் வாங்கிக்கொண்டு திரும்பிய மறுநாள் ஷுக்கூர் ராஜினாமா எழுதிக்கொண்டு போனார். அது மூன்றாவது ராஜினாமா. காளியப்பன் படித்துவிட்டு மடித்து மேஜை இழுப்பறையில் போட்டார். முந்தைய இரண்டும் அங்கேதான் இருந்தன.

"நீங்க போயிட்டா காலைல வர்ற பசங்களுக்கு யாரு இருக்கா பாய்?" என்றார். அவர் அக்கறையாகத்தான் கேட்டார். காளியப்பன் இல்லாவிட்டால் குழுவே கிடையாது என்பது ஷுக்கூருக்கும் தெரியும். தோற்று வந்த ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் பதினொரு பேருக்கும் வெளியே நின்றவர்களுக்கும் ஒரே மாதிரி சாப்பாடு போடுகிற மனிதர் அவர். ஷுக்கூர் படியிறங்கி வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தார்.

மே மாதம் சேலத்தில் பந்தயம். பெரிய மனிதர்கள் வருவார்கள் என்பதால் பழைய ஜெர்சிகளைப் போட்டுக்கொண்டு போக முடியாது என்று காளியப்பன் முடிவு செய்தார். ஜெர்சி என்று சொன்னாலும் அவை பாப்ளின் துணியில் தைத்த, கழுத்தில் மூன்று பட்டன் வைத்துத் தலைவழியாக மாட்டும் சட்டைகள்தான். பழையவை எல்லாம் ஒரே அளவு, மூட்டை மாதிரி. யாருக்கும் பொருந்தாததால் யாருக்கும் போடலாம். சீட்டுக்கு அது வசதியாக இருந்தது.

புதுத் துணி வந்தது. பத்துப் பேருக்கு நீலம், கோல் கீப்பருக்கு மஞ்சள்.

"எல்லாருக்கும் ஆவற மாதிரி தாராளமா தெச்சுடுங்க பாய்."

"சரிங்க."

துணியைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கும்போது அவருக்கு அது தோன்றியது. ஜனவரியில் தாளில் எழுதிக் கொடுத்ததை இப்போது துணியில் தைத்துக் கொடுத்துவிடலாம். பாப்ளின் இழுத்தால் வராது. பயிற்சிக்கு வரும் பதினொரு பேரின் அளவுக்கு, உடம்போடு ஒட்டி வெட்டிவிட்டால் வேறு யாருக்கும் அது ஏறாது. பந்தயத்துக்கு முன்னால் மறுபடி தைக்க நேரமும் இருக்காது. சட்டை யாருக்குப் பொருந்துகிறதோ அவன்தான் ஆட வேண்டும். சீட்டில் என்ன எழுதியிருந்தாலும்.

இரண்டு நாள் கத்தரியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் நாடாவோடு மைதானத்துக்குப் போனார்.

மனைவி ஜான் பீயிடம் சொல்லவில்லை. ஆனால் எண்களை வெட்டி முதுகில் வைத்துத் தைப்பது அவள் வேலை. துணியை விரித்ததுமே கண்டுகொண்டாள்.

"இது யார் அளவு? ஒண்ணொண்ணும் ஒரு மாதிரி இருக்கு."

"பசங்க அளவு."

"எந்தப் பசங்க?"

அவர் சொன்னார். ஜான் பீ ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"நாளைக்கு அவர் மெஷினை எடுத்துக்கங்கன்னு சொன்னா எங்கே தூக்கிட்டுப் போவீங்க? இந்த வூட்டுலயா? பொண்ணு ஷகிலா படுக்கறதுக்கே இடமில்லை."

"சொல்ல மாட்டாரு."

"சொல்ல மாட்டாருன்னா எதுக்கு பயந்து திருட்டுத்தனமா தெக்கிறீங்க?"

அவள் அவரைப் பார்த்துவிட்டு ஊசியை எடுத்து ஒன்பதாம் எண்ணைத் தைக்கத் தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து, பதினொரு சட்டைகளையும் இஸ்திரி போட்டுத் தகரப் பெட்டியில் அடுக்கி மண்டிக்குள் கொண்டுபோனார். அதற்கு முன்னால் கொண்டுபோயிருந்தால் வேறு துணி எடுக்க நேரம் இருந்திருக்கும். அதையும் கணக்குப் போட்டிருந்தார்.

காளியப்பன் மஞ்சள் சட்டையை எடுத்து விரித்துப் பார்த்தார். "ஜோரா இருக்குது" என்றார். கோவிந்தனைக் கூப்பிட்டார்.

கோவிந்தனுக்கு இருபத்தாறு வயது. மண்டியில் எடை போடும் இடத்தில் உட்கார்ந்திருப்பான். நல்ல கனம். சட்டையைத் தலைவழியாக மாட்டினான். கைகள் இரண்டும் மேலே போயின, தலை உள்ளே போயிற்று, மார்பில் வந்து சட்டை நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"மாமா, வரலீங்க" என்று சட்டைக்குள்ளிருந்து சொன்னான்.

"கோணியில பூந்த பன்னி மாதிரி நிக்கறான் பாரு" என்றார் காளியப்பன். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து உருவி எடுத்தார்கள். கோவிந்தன் முகம் சிவந்து வெளியே வந்தது. அதில் கோபம் இல்லை என்பதை ஷுக்கூர் கவனித்தார்.

"ஏம் பாய், இது யாரு அளவு?"

"மாதையன் அளவுங்க."

"எந்த மாதையன்?"

"காலைல கோல்ல நிக்கறவன். செங்கல் வேலை."

காளியப்பன் பெட்டியிலிருந்து இன்னொரு சட்டையை எடுத்தார். இன்னொன்று. மூன்றையும் மேஜைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். மூன்றும் மூன்று அளவு. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் தங்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.

"துணி அவ்வளவுதாங்க இருந்துது" என்றார் ஷுக்கூர். சொல்லி வைத்திருந்ததைச் சொன்னார். "இனி தெக்க நாளும் இல்லீங்க. இந்த ஒரு ஆட்டம் மட்டும், சட்டை யாருக்குச் சரியா இருக்குதோ அவங்க ஆடிட்டுப் போவட்டுங்க."

காளியப்பன் மஞ்சள் சட்டையை மறுபடி எடுத்தார். புளி மூட்டை வாங்கும்போது மேலே பார்க்க மாட்டார், கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்ப்பார். முப்பது வருஷப் பழக்கம். இப்போதும் கையைச் சட்டைக்குள் விட்டார். விரல்கள் பக்கவாட்டுத் தையலைத் தொட்டு நின்றன. சட்டையின் உட்புறத்தை வெளியே திருப்பினார்.

தையலுக்கு உள்ளே, நீளத்துக்கும், இரண்டு விரல் அகலத் துணி மடிந்து கிடந்தது. இந்தப் பக்கம் இரண்டு விரல், அந்தப் பக்கம் இரண்டு விரல். அக்குளிலும் தோளிலும்கூட.

"இது என்ன பாய்?"

ஷுக்கூர் பார்த்தார். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. கத்தரி பிடித்த நாளிலிருந்து அவர் எந்தத் துணியையும் ஒட்ட வெட்டியதில்லை. பிள்ளைகள் வளரும், பெண்கள் பெருப்பார்கள், ஒரு சட்டை மூன்று வருஷம் உழைக்க வேண்டும். பிரித்துவிட உள்ளே துணி விடாதவன் தையல்காரன் அல்ல என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. அளவை நெருக்கி எடுத்தார், நெருக்கித்தான் தைத்தார். வெட்டும்போது கை தன் வழக்கப்படி இரண்டு விரல் விட்டு வெட்டியிருக்கிறது. பதினொன்றிலும்.

"வழக்கம்ங்க" என்றார்.

"நல்ல வழக்கம். துணியை வீணாக்கல பாத்தீங்களா?" காளியப்பன் சட்டையை அவர் கையில் கொடுத்தார். "பிரிச்சு வுட்டுடுங்க பாய். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஆயிடுமா?"

குரலில் ஒன்றும் இல்லை. யாருடைய தவறையும் அவர் சொல்லவில்லை. கடையைப் பற்றியும் சொல்லவில்லை.

"ஆயிடும்ங்க" என்றார் ஷுக்கூர்.

சனிக்கிழமை காலையிலிருந்து பிரித்தார். எட்டுச் சட்டைகள். பயிற்சிக்கும் வந்து சீட்டிலும் இருந்த மூன்று பேருடையதை அப்படியே விட்டார். பிளேடால் தையலை அறுத்து, நூலைப் பிடுங்கி, மடிப்பை நீவி, ஓரத்தில் புதுத் தையல் போட்டார். புதுத் துணியில் பழைய தையல் போன தடம் ஊசித் துளைகளாக நின்றது. மஞ்சள் சட்டையைக் கடைசிக்கு வைத்திருந்தார்.

மூன்று மணிக்குக் கோவிந்தன் படிக்குக் கீழே குனிந்து வந்தான். ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"என்னுது ஆயிடுச்சா?"

"இனிமேதான்."

அவன் சட்டையை எடுத்து உள்ளே மடிந்திருந்த துணியை விரலால் தடவினான்.

"இதை வுடாம இருந்திருக்கலாமே பாய்."

ஷுக்கூர் நிமிர்ந்து பார்த்தார்.

"நேத்து தலை மாட்டிகிச்சே, அப்ப எவ்வளவு சந்தோஷமா இருந்துது தெரியுமா? உள்ள இருட்டா இருந்துது. இதோட தொலைஞ்சுதுன்னு நெனச்சேன்."

"உனக்கு ஆட இஷ்டமில்லியா தம்பி?"

"பந்து வந்தாலே கண்ணு மூடிக்குது பாய். அஞ்சு வருஷமா மூடிக்கிட்டுத்தான் நிக்கறேன். அக்கா மாமாகிட்ட சொல்லி வெச்சிருக்குது, எந்தம்பிய எல்லாத்துலயும் முன்னால நிறுத்தணும்னு. கண்டவனெல்லாம் ரோட்டுல என்னைப் பாத்து கோல் போஸ்டுன்னு கூப்புடறான்."

"மாமாகிட்ட சொல்றதுதானே?"

"நீங்க சொன்னீங்களே தாள்ல எழுதி. என்னாச்சு?"

மேலே மாடிப்படியில் யாரோ மூட்டையோடு ஏறிப் போனார்கள். தூசி விழுந்தது. கோவிந்தன் மேஜையிலிருந்து பெரிய கத்தரியை எடுத்து அவர் பக்கம் நீட்டினான்.

"வெட்டிடுங்க பாய். உள்ள இருக்கிறதை வெட்டிப் போட்டுடுங்க. அப்புறம் பிரிக்க ஒண்ணும் இருக்காதில்ல? பிரிக்கும்போது கிழிஞ்சுடுச்சுன்னு சொல்லிக்கலாம். நானும் சொல்றேன்."

ஷுக்கூர் கத்தரியை வாங்கினார். சட்டையைத் திருப்பிப் போட்டு, தையலை ஒட்டி வைத்தார். ஒரு நிமிஷ வேலை. நாளைக்கு மாதையன் கோலில் நிற்பான். அல்லது நாளைக்குப் பெட்டி மண்டியை விட்டு வெளியே வராது, பஸ் வழியில் நின்றுவிடும், பதினொரு பேரும் சேலத்துக்கே போக மாட்டார்கள், திங்கட்கிழமை காலையில் வருகிறவர்களுக்குப் பந்து இருக்காது. காளியப்பன் கையை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்த்த துணி இது. இல்லையென்றால் எங்கே என்று கேட்பார். கோபப்படாமல் கேட்பார்.

கத்தரியை மேஜையில் வைத்தார். பிளேடை எடுத்தார்.

கோவிந்தன் எழுந்தான். "உங்களாலயும் ஆவாது" என்றான். குனிந்து வெளியே போனான்.

சேலத்தில் வெயில் கொளுத்தியது. சீட்டு எப்போதும் போலப் பெட்டியில் இருந்தது. சேலத்துக் குழு முதல் பாதியிலேயே மூன்று கோல் போட்டது. இரண்டு கோவிந்தனின் கைக்கு அடியில் போயின. மூன்றாவது அவன் குனிந்து முகத்தை மூடிக்கொண்டபோது தலைக்கு மேல் போனது. எதிர்ப்பக்கம் ஷாமியானாவுக்குக் கீழே பெரிய மனிதர்களோடு காளியப்பன் நாற்காலியில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் கோவிந்தன் நேராக வந்தான். யாரையும் கேட்கவில்லை. மஞ்சள் சட்டையைக் கழற்றி, கோட்டுக்கு வெளியே ஷுக்கூர் பக்கத்தில் நின்ற மாதையன் கையில் கொடுத்தான். "போட்டுக்க" என்றான்.

மாதையன் ஷுக்கூரைப் பார்த்தான். ஷுக்கூர் தலையசைத்தாரா இல்லையா என்று அவருக்கே நினைவில்லை. மாதையன் போட்டுக்கொண்டான். பிரித்து விட்ட சட்டை அவன் மேல் தொங்கியது. நுனியைச் சுருட்டி டிராயருக்குள் செருகிக்கொண்டு இரண்டு கைகளையும் உரசினான்.

பந்தயக் கமிட்டி ஆள் ஒருவர் அட்டையும் தாளுமாக வந்தார்.

"கோல் கீப்பரை மாத்தறீங்களா? மாத்தலாம். செக்ரட்டரி கையெழுத்து வேணும். யாரு செக்ரட்டரி?"

"நான்தாங்க."

"இங்க போடுங்க."

சட்டைப் பையில் பேனா இருந்தது. தாளில் அவர் பெயர் எழுத ஒரு கோடு இருந்தது. ஐந்து வருஷமாக எத்தனையோ தாள்களில் போட்ட கையெழுத்து.

"ஒரு நிமிஷங்க. தலைவரைக் கேட்டுட்டு வந்துடறேன்."

"எங்க இருக்காரு?"

"அந்தப் பக்கம்."

"சீக்கிரம் வாங்க."

மைதானத்தைக் குறுக்கே கடந்திருக்கலாம். ஆட்டம் நடக்கும் இடத்தில் செருப்புக் காலோடு அவர் இறங்கியதில்லை. கோட்டை ஒட்டிச் சுற்றி நடந்தார். முழங்கால் வேகமாக வரவில்லை. கோல் போஸ்டுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தபோது ரெஃப்ரி விசில் ஊதினார். திரும்பிப் பார்த்தார். தூரத்தில் அந்த ஆள் இந்தப் பக்கம் பார்த்துக் கையை விரித்தார். மாதையன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

ஆட்டம் முடிந்தபோது ஆறு கோல். தொப்பூர்க் கணவாயில் பஸ் ஏறும்போது காளியப்பன் ஷுக்கூரைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"ஹாஃப் டைமில எங்கியோ நடந்து வந்துகிட்டு இருந்தீங்களே பாய், என்ன சமாச்சாரம்?"

ஷுக்கூர் சொன்னார்.

காளியப்பன் அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். "அதுக்கு எதுக்கு என்னைக் கேக்கணும்? கையெழுத்தைப் போட்டிருக்க வேண்டியதுதானே. மூணு கோலு ஆயிடுச்சு, நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். வேறு எதற்கோ சிரித்திருக்கலாம். ஷுக்கூர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பாறைகள் நின்றன. மெய்யாகவே சொல்லியிருக்க மாட்டாரா என்று யோசித்தார். சனிக்கிழமை கத்தரியைப் பற்றிக் கேட்டால் அதற்கும் இதையேதான் சொல்வாரோ என்று தோன்றியது. கேட்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. காலை ஆறு மணிக்கு ஷுக்கூர் மைதானத்துக்குப் போனார். ஒன்பது பேர் வந்திருந்தார்கள். மாதையனும் வந்திருந்தான். சேலத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. முதலில் ஓடினார்கள், பிறகு பந்து அடித்தார்கள். ஏழேகாலுக்கு மாதையன் வேலைக்குப் போனான். ஷுக்கூர் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்தார். சேலம் குழுவுக்கு நன்றிக் கடிதம் எழுதித் தபாலில் போட்டார். பத்து மணிக்கு மண்டி ஆள் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். சட்டைகளை எண்ணிச் சலவைக்குப் போட்டார். நல்லம்பள்ளியிலிருந்து ஒரு பெண் இரண்டு ரவிக்கைத் துணி கொண்டுவந்தாள். அளவு ரவிக்கையை வாங்கி வைத்துக்கொண்டு வியாழக்கிழமை வரச் சொன்னார். மதியம் மெஷினுக்கு எண்ணெய் விட்டார். மாலை ஐந்தரைக்குக் கடையைச் சாத்தினார்.